கழுத்தில்லாதவனுக்கு வீ நெக்

"அண்ணா, எனக்கு ஒரு கழுத்து வேணும்."

பதினாறு வருஷ ஸ்வெட்டர் வியாபாரத்தில் என் கடைக்கு வந்து இப்படிக் கேட்டவன் ஒருவன்தான். கை நீளமாக இருக்கட்டும் என்பார்கள், தொப்பை மறையட்டும் என்பார்கள். கழுத்து கேட்டு யாரும் வந்ததில்லை. வந்தவனை மேலிருந்து கீழே ஒரு தடவை பார்த்தேன். அவன் கேட்டதில் தப்பே இல்லை. காது முடிந்த இடத்தில் தோள் ஆரம்பித்தது.

தொண்ணூற்றிரண்டாம் வருஷம். கார்த்திகை தீபம் முடிந்து மூன்றாம் நாள், மலை மேல் கொப்பரை இன்னும் எரிந்துகொண்டிருந்தது. அவன் பெயர் மண்ணாங்கட்டி. அவனுக்கு முன்னால் அவன் அம்மா சந்திரம்மாளுக்குப் பிறந்த மூன்றும் தங்கவில்லை. நாலாவதுக்கு நல்ல பெயராக வைத்தால் எமன் கண்ணில் படும் என்று, எவனும் ஆசைப்பட்டு எடுத்துப் போகாத பெயராகப் பார்த்து வைத்தாள். பிள்ளை தங்கிவிட்டான். வயது முப்பத்தொன்று. மார்க்கெட் கமிட்டியில் மூட்டை தூக்குகிற வேலை. நெல்லோ, மல்லாட்டை என்கிற வேர்க்கடலையோ, எள்ளோ, வண்டியில் ஏறுவதற்கு முன்னால் அவன் தலையில் ஏறியாக வேண்டும். மூட்டை ஏறி ஏறித்தான் கழுத்து உள்ளே இறங்கிவிட்டது என்று கமிட்டி ஆட்கள் சொல்வார்கள். சந்திரம்மாள் ஒத்துக்கொள்ள மாட்டாள். அவன் அப்பாவுக்கும் இதே அளவுதான் என்பாள்.

சலூனில் துண்டு கட்ட இடம் தேடுவார்கள். போட்டோ ஸ்டுடியோவில், கழுத்தைக் கொஞ்சம் தூக்குங்க என்பார்கள். தூக்கிட்டேங்க என்பான்.

அவன் சரியான ஆளிடம்தான் வந்தான். நான் படித்தது மூன்றாம் வகுப்பு, அதுவும் முழுசாக இல்லை. ஆனால் இந்தத் திருவண்ணாமலையில் வீ நெக் ஸ்வெட்டரை முதன்முதலில் தொங்கவிட்டவன் முருகையனாகிய நான்தான். வேறு எவனாவது தான்தான் என்று சொன்னால், கேட்டுக்கொண்டு பேசாமல் வீட்டுக்குப் போங்கள். எண்பத்தொன்பதில் நம்ம ஊர் மாவட்டத் தலைநகரம் ஆனது. கலெக்டர் ஆபீஸ் வந்தது, ஆபீசர்கள் குடும்பத்தோடு வந்து இறங்கினார்கள். வெயிலில் பாறையே வெடிக்கிற ஊரில் ஸ்வெட்டர் கடையா என்று என்னைப் பார்த்துச் சிரித்தவர்கள் ஜாஸ்தி. மார்கழி விடிகாலையில் செங்கம் ரோட்டில் நின்று பார்த்தவன் நான். பால்காரரிலிருந்து ஆபீசர் வரை எல்லார் காதையும் சுற்றி ஒரு துண்டு. சிரித்தவனுக்கு அது துண்டு. எனக்கு அது வியாபாரம். மெட்ராஸ் போய் ஒரு மூட்டை ஸ்வெட்டர் வாங்கி வந்து, ஆசிரமம் தாண்டி ரோட்டோரத்தில் ஒரு கயிற்றுக் கட்டிலைப் போட்டு விரித்தேன். இன்றைக்கு அதே ரோட்டில் கண்ணாடிக் கதவு போட்ட கடை. கதவைத் தள்ளுவதா இழுப்பதா என்று தெரியாமல் வாத்தியார்களே நிற்கிறார்கள். மூன்றாம் வகுப்புக்காரன் எழுந்து போய்த் திறந்துவிடுகிறேன்.

இங்கிலீஷை எல்லாரும் ஏ-யில் ஆரம்பிப்பார்கள். நான் வீ-யில் ஆரம்பித்தேன். முதல் வருஷம், ஆசிரமத்துப் பக்கம் ரூம் எடுத்துத் தங்கியிருந்த வெள்ளைக்கார அம்மா ஒருத்தர் கட்டிலண்டை வந்து, ரெண்டு விரலை விரித்துத் தொண்டைக்குக் கீழே வைத்துக் காட்டினார். ரெண்டு வேண்டும் போலிருக்கிறது என்று ரெண்டு எடுத்துக் கொடுத்தேன். தலையை ஆட்டிவிட்டு மறுபடி விரலைக் காட்டினார். இன்னும் ரெண்டு கொடுத்தேன். நாலு ஸ்வெட்டரையும் நெஞ்சோடு கட்டிக்கொண்டு அந்த அம்மா சிரித்த சிரிப்பில் எதிர் டீக்கடையே திரும்பிப் பார்த்தது. அப்புறம் கீழே குனிந்து மண்ணில் விரலால் ஒரு கோடு இறக்கி, ஒரு கோடு ஏற்றினார். "வீ" என்றார். அதோடு என் படிப்பு முடிந்தது. அந்த ஒரு எழுத்தை வைத்துக்கொண்டு நான் கட்டிய வீடு மாடி வீடு.

அன்றிலிருந்து ஆளைப் பார்க்குமுன் கழுத்தைத்தான் பார்ப்பேன். கொக்கு மாதிரி நீளக் கழுத்துக்காரனுக்கு வீ கொடுத்தால், கிணற்றில் வாளி இறங்குகிற மாதிரி பார்க்கிறவன் கண் இறங்கிக்கொண்டே போகும். அவனுக்கு வட்டம்தான். குட்டைக் கழுத்துக்கு வட்டம் போட்டால் கோணிக்கு வாய் கட்டினது போல ஆகிவிடும். அவனுக்குத்தான் வீ. இந்த ஊர்ப் பெண்கள் முதலில் வீயை முதுகுப் பக்கம் வைத்துப் போட்டுக்கொண்டார்கள், ஜாக்கெட்டில் அப்படித்தானே வெட்டுகிறார்கள் என்று. நான் திருத்தப் போகவில்லை. நெஞ்சு கதகதப்பாக மூடியிருக்கிறது, பின்னல் தாராளமாகத் தொங்குகிறது. அவர்கள் சொல்வதும் நியாயம்தானே.

மண்ணாங்கட்டியை ஸ்டூலில் உட்காரவைத்து விஷயத்தைக் கேட்டேன். இதுவரை ஏழு இடத்தில் பெண் பார்த்தாகிவிட்டதாம். ஏழு இடத்திலும் டிபன் சாப்பிட்டானாம். ஏழு இடத்திலும் சொல்லி அனுப்புகிறோம் என்றார்களாம். ஆறாவது இடத்தில் ஒரு சின்னப் பிள்ளை எல்லார் முன்னாலும், மாமா ஏன் தலையை உள்ள இழுத்துக்கினு இருக்காரு என்று கேட்டுவிட்டதாம். எட்டாவதாகக் கீழ்பென்னாத்தூரில் ஒரு இடம். இது தட்டிப்போனால் இனி என்னிடம் வராதே என்று தரகர் ராமன் கையை விரித்துவிட்டார்.

"வேற பொண்ணா இருந்தா போவுதுனு உட்டுடுவேன்ணா," என்றான். "இந்தப் பொண்ண நான் பாத்துட்டேன்."

ராமன் அவனைச் சந்தைக்குக் கூட்டிப் போய்த் தூரத்திலிருந்து காட்டியிருக்கிறார். தனம் என்று பெயர். எவனோ ஒருவனுடைய மாடு அவள் கத்திரிக்காய்க் கூடையில் வாயை வைத்ததாம். அவள் மாட்டை அடிக்கவில்லை. மாட்டுக்காரனைக் கூப்பிட்டு, மீதிக் கத்திரிக்காயையும் நீயே தின்னுட்டுப் போய்யா என்று கூடையை அவன் வாயண்டை நீட்டினாளாம். அவன் துட்டைக் கொடுத்துவிட்டு ஓடினானாம். அதைச் சொல்லும்போது மண்ணாங்கட்டியின் முகம் காதுவரை மலர்ந்தது. காதுக்கு அப்புறம் தோள் வந்துவிட்டதால் அங்கேயே நின்றது.

தை மாதம் பெண் பார்க்கப் போகிறார்கள். அதற்குள் எனக்குக் கழுத்து வேண்டும் என்றான். கடை வேலையை எல்லாம் ஓரம் கட்டிவிட்டு இறங்கினேன்.

முதலில் நிறம். அவன் கண் நேராக மஞ்சளில் போய் உட்கார்ந்தது. தீபக் கூட்டத்தில் தொலைந்து போனால் தேடுவதற்கா என்று கேட்டு அதை மடித்து வைத்தேன். கறுப்பு எடுத்தால் ஐயப்ப சாமி என்று காலில் விழுவார்கள். காவி எடுத்தால் இந்த ரோட்டில் நாலு பேர் வழி கேட்பார்கள், ரெண்டு பேர் ஞானம் கேட்பார்கள். அவன் நல்ல கறுப்பு. கறுத்த உடம்புக்கு அரக்கு நிறம் போட்டால் புளியங்கொட்டை மாதிரி ஒரு மினுமினுப்பு வரும். அரக்கில் மூன்று எடுத்துப் போட்டேன். கன்னத்தில் தேய்த்துப் பாரடா என்றேன். கன்னத்தில் லேசாக அரித்தால் கழுத்தில் ரெண்டு பங்கு அரிக்கும். ஒன்று அரித்தது, தள்ளிவிட்டேன். மற்ற ரெண்டின் விளிம்பையும் இழுத்து விட்டுப் பார்த்தேன். நல்ல ஸ்வெட்டர் விளிம்பு, தொட்ட நத்தைக் கொம்பு மாதிரி சட்டென்று உள்ளே போக வேண்டும். ஒன்று போனது, ஒன்று யோசித்தது. யோசித்ததையும் தள்ளினேன்.

மார்புக்குச் சரியாக இருந்தது கைக்கு நீளமாக இருந்தது. கை விளிம்பை உட்பக்கமாக ஒரு மடிப்பு மடித்தேன். வீயின் கூர் சட்டையின் ரெண்டாவது பட்டனில் நிற்க வேண்டும். மேலே நின்றால் மூச்சு முட்டுகிறவன் மாதிரி இருக்கும், கீழே இறங்கினால் பனியன் எட்டிப் பார்க்கும். அவனுக்கு ரெண்டாவது பட்டனிலேயே நின்றது, கடவுள் அந்த ஒரு இடத்தில் அளவு தப்பவில்லை. காலர் ரெண்டையும் உள்ளே தள்ளினேன். ஒன்று உள்ளே ஒன்று வெளியே இருந்தால் இறக்கை முறிந்த காக்கை. அப்புறம்தான் என் சொந்த வித்தையைச் செய்தேன். சட்டையின் மேல் பட்டனைத் திறந்துவிட்டேன். சட்டையில் ஒரு சின்ன வீ, ஸ்வெட்டரில் ஒரு பெரிய வீ. பார்க்கிறவன் கண் ஒரு படி இறங்கி, இன்னொரு படி இறங்கும். இறங்கின தூரமெல்லாம் கழுத்தில் சேர்ந்துவிடும்.

ஒரே ஒரு தொல்லை, பாக்கெட். நம்ம ஊர் ஆம்பளைக்குச் சட்டைப் பாக்கெட்தான் பீரோ. அவன் பீரோவில் வெற்றிலைப் பொட்டலம், சீப்பு, பழைய பஸ் டிக்கெட், சாமி படம் எல்லாம் இருந்தது. மேலே ஸ்வெட்டர் விழுந்தால் பீரோ பூட்டிக்கொள்ளும். வீ வழியாகக் கையை விட்டு எடுத்தால் நெஞ்சைச் சொறிகிற மாதிரி இருக்கும். எல்லாவற்றையும் காலி பண்ண வைத்தேன், சாமி படத்தைத் தவிர. கீழே வேட்டியே இருக்கட்டும் என்றேன். ஸ்வெட்டரின் அடிவிளிம்பு வேட்டி மடிப்பின் மேல் ரெண்டு விரல் இறங்கி உட்கார்ந்தால், இடுப்பில் வேட்டி எத்தனை சுற்று சுருட்டிக் கிடக்கிறது என்று எவனுக்கும் தெரியாது.

கண்ணாடி முன்னால் நிறுத்தினேன். ரொம்ப நேரம் பார்த்தான். கையை மெதுவாகத் தூக்கி அந்த வீயைத் தொட்டான்.

"ண்ணா. வந்துடுச்சு."

இதற்குத்தான் சொல்கிறேன், படிப்பு வேறு, தொழில் வேறு.

இத்தோடு விட்டிருந்தால் சரி. நான் எதையும் அரைகுறையாகச் செய்கிறவன் இல்லை. தரகர் ராமனைக் கூப்பிட்டு ரெண்டு விஷயம் சொன்னேன். ஒன்று, பையன் கமிட்டியில் வேலை பார்க்கிறான் என்று மட்டும் சொல்ல வேண்டும், மூட்டை என்கிற பேச்சே எடுக்கக் கூடாது. ரெண்டு, மாப்பிள்ளை வீ நெக்கில் வருகிறார் என்று முன்கூட்டியே பெண் வீட்டில் சொல்லி வைக்க வேண்டும். பார்க்கப் போகிற ஆளைப் பற்றி ஒரு மரியாதை விழட்டும் என்று.

ராமன் வாயில் எந்நேரமும் வெற்றிலை. வாய்க்குள் என்ன எழுத்து போனாலும் அது பாக்கோடு சேர்ந்து அரைபட்டுத்தான் வெளியே வரும். அவர் கீழ்பென்னாத்தூர் போய்ப் பெண்ணின் அப்பா சின்னசாமியிடம், மாப்பிள்ளைக்கு வீக் நெக்கு, முருகையனே பக்கத்துல இருந்து பாத்துக்கிறாரு என்று பெருமையாகச் சொல்லிவிட்டு வந்திருக்கிறார். சின்னசாமிக்குப் புரியவில்லை. தனம் எட்டாவது படித்தவள். வீக் என்றால் பலம் இல்லாதது, நெக் என்றால் கழுத்து என்று அர்த்தம் சொன்னாளாம். இதெல்லாம் எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. அன்றைக்கு நாங்கள் முழித்த மாதிரி நீங்களும் முழிக்க வேண்டாம் என்று முன்னாலேயே சொல்லிவிட்டேன்.

தை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பத்து மணி பஸ்ஸில் நான், மண்ணாங்கட்டி, சந்திரம்மாள், ராமன் நாலு பேரும் இறங்கினோம். விடிகாலைப் பனியை நம்பி எடுத்த ஸ்வெட்டர், பத்து மணி வெயிலுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தது. மண்ணாங்கட்டியின் நெற்றியிலிருந்து திருநீறு வேர்வையில் கரைந்து மூக்கு வழியாக இறங்கியது. கழட்டிக் கையில் வைத்துக்கொள்ளட்டுமா என்றான். கழுத்தைக் கையில் பிடித்துக்கொண்டு எவனாவது பெண் பார்க்கப் போவானா என்று அதட்டினேன்.

சின்னசாமி வீட்டுக் கூடத்தில் சம்பா நெல் மூட்டைகள் சுவரோரம் அடுக்கியிருந்தன. எங்களுக்குப் பாய். மாப்பிள்ளைக்கு மட்டும் சாய்வு நாற்காலி, கழுத்து படுகிற இடத்தில் ஒரு தலையணை. நல்ல மரியாதை என்று நினைத்தேன். எங்களுக்குக் காபி வந்தது, மாப்பிள்ளைக்குச் சுக்குக் காபி. மரியாதைக்கு மேல் மரியாதை.

சின்னசாமி பார்வையை அந்த வீயிலேயே வைத்துக்கொண்டு, தொண்டையைச் செருமிக் கேட்டார்.

"இது எவ்ளோ நாளா இருக்குதுங்க?"

ஸ்வெட்டரைத்தான் கேட்கிறார் என்று எனக்குச் சந்தோஷம். "ஒரு மாசமாத்தாங்க. நான்தான் மொதல்ல கண்டுபுடிச்சேன்."

"டவுன்ல வேற யாருக்காவது இருக்குதுங்களா?"

"நெறைய பேருக்கு வந்துடுச்சுங்க. கலெக்டர் ஆபீஸ்ல ஜாஸ்தி. வெள்ளக்காரங்ககிட்டேருந்து வந்ததுதானே."

சின்னசாமி தன் பாயைக் கொஞ்சம் பின்னால் இழுத்துக்கொண்டார். "ராத்திரில எப்பிடிங்க சமாளிக்கிறாரு?"

"ராத்திரில கழட்டி வெச்சிட்டுப் படுத்துக்க வேண்டியதுதான்."

கழுத்துக்குப் பட்டை மாதிரி ஏதோ கட்டியிருக்கிறான் போல என்று அவர் நினைத்துக்கொண்டாராம். குரலைத் தாழ்த்தினார். "நாளைக்குப் பொண்ணுக்கும் வந்துடுமோனுதான் ரோசனையா இருக்குது."

"வந்தா நல்லாத்தாங்க இருக்கும். கல்யாணம் ஆவட்டும், ரெண்டு பேருக்கும் சேத்து நானே ஏற்பாடு பண்றேன். உங்களுக்கும் ஒண்ணு."

சின்னசாமி எழுந்து உள்ளே போய்விட்டார். உள்ளே குசுகுசுவென்று பேச்சு. மண்ணாங்கட்டி தலையணையிலிருந்து முன்னால் சாய்ந்து என் காதண்டை வந்தான். அவன் கண் கலங்கியிருந்ததா, வேர்வையா என்று எனக்குத் தெரியவில்லை.

"ண்ணா, வேணாம்னு சொல்லப் போறாங்க. ஏழு தடவ பாத்திருக்கேன் இந்த மூஞ்சிய. எனக்குத் தெரியும்."

என் கைபட்ட ஆள் ஒருவன் இப்படித் திரும்பிப் போனதில்லை.

அப்போதுதான் தனம் கூடத்துக்கு வந்தாள். தட்டு இல்லை, தலை குனிதல் இல்லை. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு மாப்பிள்ளையை நேராகப் பார்த்தாள். அவள் பார்வையும் காலருக்குக் கீழேயே நின்றது. பிறகு அப்பாவிடம் சொல்கிற மாதிரி, எங்கள் எல்லார் காதிலும் விழுகிற மாதிரிச் சொன்னாள்.

"அப்பா, கதவண்ட இருக்கிற மூட்ட காலுல இடிக்குது. யாராச்சும் நவுத்தி வெச்சா தேவல."

மண்ணாங்கட்டி நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டான். வேட்டியைப் பிடித்து இழுத்தேன். உட்காருடா, ஆபீஸ்காரன் மாதிரி இரு, ஸ்வெட்டர் கெட்டுவிடும் என்றெல்லாம் பல்லைக் கடித்துச் சொன்னேன். அவன் காதில் எதுவும் ஏறவில்லை. அவனுக்கு அவள் சொன்னது மட்டும்தான் கேட்டது.

எழுபத்தைந்து கிலோ நெல் மூட்டை. கமிட்டியில் ரெண்டு பேர் தூக்கிவிட, ஒருவன் சுமப்பான். இவன் தனியாளாக அதன் முன்னால் குந்தினான். மூட்டையின் ரெண்டு காதையும் பிடித்து முட்டியில் ஏற்றி, முட்டியிலிருந்து நெஞ்சு, நெஞ்சிலிருந்து ஒரு எம்பு. தலையில் போய் உட்கார்ந்துவிட்டது. கையையும் விட்டுவிட்டான். மூச்சு வாங்கவில்லை. எங்க வைக்கணும் என்று கேட்கிற குரலில், சாப்பாட்டுக்கு வந்தவன் எங்கே கை கழுவுவது என்று கேட்கிற சாதாரணம்தான் இருந்தது.

தனம் உடனே சொல்லவில்லை. யோசித்தாள். அந்த மூலை என்று கை காட்டினாள். அவன் மூட்டையோடு தலையை அந்தப் பக்கம் திருப்பினான். இல்லை, இந்த மூலை என்றாள். இந்தப் பக்கம் திருப்பினான். வேண்டாம், பின்கட்டுக்குப் போகட்டும் என்றாள். பின்கட்டு நிலைப்படி குட்டை. முட்டியை மடக்கி, மூட்டை நிலையில் உரசாமல் உள்ளே போனான். சின்னசாமி அவன் பின்னாலேயே, கழுத்து இருக்க வேண்டிய இடத்தைப் பார்த்துக்கொண்டே போனார். திரும்பி வந்து பாயில் உட்கார்ந்தவர், தனக்குத்தானே பேசிக்கொள்கிறவர் மாதிரி, தாங்குதே என்றார்.

சந்திரம்மாளுக்குப் பொறுக்கவில்லை. "என்ன தாங்குதே? என் புள்ளைக்கு என்ன கொற?"

"தப்பா எடுத்துக்காதீங்கம்மா. மாப்பிளைக்குக் கழுத்து வீக்குனு ராமன் சொன்னாரு. அதான்."

ராமன் வெற்றிலையை ஒதுக்கிவிட்டு, முருகையன் சொல்லச் சொன்னதைத்தான் சொன்னேன், வீக் நெக்கு, அட்சரம் தப்பாமல் சொன்னேன் என்றார். நான் எழுந்து நின்று, ரெண்டு விரலை விரித்து என் தொண்டைக்குக் கீழே வைத்து, வீ, வீ, க் கிடையாது என்று அந்தக் கூடத்துக்கே பாடம் எடுத்தேன். மூன்றாம் வகுப்புக்காரன், எட்டாவது படித்த பெண்ணுக்கு இங்கிலீஷ் சொல்லிக் கொடுத்த இடம் அது. சின்னசாமி கொஞ்ச நேரம் என் விரலையும் ஸ்வெட்டரையும் மாறி மாறிப் பார்த்தார். கழட்டி வைத்துவிட்டுப் படுப்பது எப்படி என்று அவருக்கு அப்போதுதான் புரிந்திருக்க வேண்டும், தோள் குலுங்க ஆரம்பித்தது.

தனம்தான் அந்தப் பேச்சை முடித்தாள்.

"கழுத்துனு ஒண்ணு இருந்தாத்தானேப்பா வீக்கா இருக்கும்."

சந்திரம்மாள் முகம் சுருங்கியது. இந்த வார்த்தையை மறைக்கத்தானே நான் ஒரு மாசம் பாடுபட்டேன். மண்ணாங்கட்டியைப் பார்த்தேன். அவன் சிரித்துக்கொண்டிருந்தான். சும்மா வாய்க்குச் சிரிக்கிற சிரிப்பு இல்லை. ஏழு இடத்திலும் பின்னால் போய்ப் பேசியதை இவள் ஒருத்தி எதிரில் நின்று சொன்னாள் என்று வயிறு குலுங்கச் சிரித்தான். அவன் சிரித்த பிறகுதான் மற்றவர்களுக்குத் தைரியம் வந்தது.

கமிட்டியில் இன்னா வேலை என்று அவனிடமே கேட்டாள்.

"இதாங்க," என்று பின்கட்டைக் காட்டினான்.

அதை மொதல்லயே சொல்றதுக்கு இன்னா என்று அவள் என்னைப் பார்த்தாள். நாலு ஏக்கர் நெல்லை வைத்துக்கொண்டு ஒரு மூட்டை ஏற்ற ஆளுக்கு அலைகிற வீட்டில், ஆபீஸ்காரன் வந்து என்ன செய்யப்போகிறான் என்று சின்னசாமியும் சேர்ந்துகொண்டார். நல்ல கேள்விதான். ஆனால் நீங்கள் ஒன்றை யோசித்துப் பாருங்கள். ஸ்வெட்டர் இல்லையென்றால் வீக் நெக் இல்லை. வீக் நெக் இல்லையென்றால் மூட்டை இல்லை. மூட்டை இல்லையென்றால் எட்டாவது டிபன் சாப்பிட்டுவிட்டு அவன் பஸ் ஏறியிருப்பான். அங்கேயே இதைச் சொன்னேன். யாரும் காதில் வாங்கவில்லை, ஏனென்றால் அப்போதுதான் எல்லாரும் அந்தத் தோளைப் பார்த்தார்கள்.

கோணியின் முரட்டு நார் மாட்டி, ஸ்வெட்டரின் இழை ஒன்று இடது தோளில் விரல் நீளத்துக்கு வெளியே வந்து தொங்கியது. மண்ணாங்கட்டி பதறிப்போய் அதைப் பிடித்து இழுக்கப் போனான். ராமன் கத்தரிக்கோல் கேட்டார். ரெண்டு பேரையும் ஒரே அதட்டில் நிறுத்தினேன். இழுத்தால் சுருங்கும், வெட்டினால் ஓட்டை ஓடிக்கொண்டே போகும். மெல்லிசாக ஏதாவது ஒன்றை வைத்து இழையை உள்பக்கம் தள்ளிவிட வேண்டும், அவ்வளவுதான்.

தனம் தலையில் கையை வைத்து, பூவுக்குக் குத்தியிருந்த ஹேர்பின்னை உருவினாள். கனகாம்பரம் ஒரு பக்கமாகச் சரிந்தது. நேராக அவன் பக்கத்தில் வந்து நின்றாள்.

"ஆடாதீங்க."

அவள் அவன் பக்கத்தில் நின்று சொன்ன முதல் வார்த்தை அது. எழுபத்தைந்து கிலோவுக்கு வாங்காத மூச்சு அவனுக்கு இப்போது வாங்கியது. ஹேர்பின் முனையால் இழையை ஒவ்வொரு கண்ணாக உள்ளே தள்ளினாள். எத்தனை பேரை உட்கார வைத்து நான் இந்த வேலையைச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன், ஒருவருக்கும் அந்தக் கை வரவில்லை. சந்திரம்மாள் இதுவரை சுத்தாத சீலிங் ஃபேனை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். ராமன் மெல்லுவதை நிறுத்திவிட்டார். பெண் பார்க்க வந்த இடத்தில், பத்து கண்ணுக்கு முன்னால், மாப்பிள்ளை தோளில் பெண் கை வைத்த பிறகு சொல்லி அனுப்புகிறோம் என்கிற பேச்சுக்கு இடம் ஏது. சின்னசாமி மகளை ஒரு தடவை பார்த்தார், ராமனைப் பார்த்தார். நாள் பார்க்கச் சொல்லட்டுமா என்று பொதுவாகக் கேட்டார்.

"வைகாசில வெச்சிக்கலாம்பா," என்றாள் அவள், ஹேர்பின்னிலிருந்து கண்ணை எடுக்காமல். "அறுப்பு வேலயெல்லாம் முடிஞ்சிடும்."

மண்ணாங்கட்டி என்னைப் பார்த்தான், தோளைப் பார்த்தான். அப்புறம் அவளிடம் மெதுவாகச் சொன்னான்.

"வைகாசி வெயில்ல இத போட முடியாதுங்களே."

"அப்ப கழுத்து இல்லாமயே வாங்க."

அப்படியேதான் போனான். இன்றைக்கு மாமனார் நிலத்தை அவன்தான் பார்க்கிறான், மூட்டையையும் அவனே ஏற்றுகிறான். கார்த்திகை பிறந்ததும் ரெண்டு பேரும் பஸ் ஏறிக் கடைக்கு வந்துவிடுவார்கள். நான் பத்து நிறம் எடுத்துப் போட்டு, எது யாருக்கு ஏன் பொருந்தும் என்று விளக்கமாகச் சொல்வேன். அவள் முழுசாகக் கேட்டுக்கொள்வாள், சரிங்கண்ணா என்பாள், நான் சொல்லாத பதினோராவதை எடுப்பாள்.